ரகசியம் பேச ஒரு பெட்டி

சிங்காரத்தோப்பில் ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது பரக்கத் அலியின் ரேடியோ கடை. 1961-ம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வீராயி தன் புருஷனை அங்கே அழைத்துப் போனாள். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினதிலிருந்தே தங்கையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது அவள் ஏதோ சொன்னாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் வாயைப் பார்க்காவிட்டால் அவள் பேசினது அவனுக்கு இல்லாத மாதிரிதான். அது அவளுக்கும் தெரியும்.

தங்கையன் பாலக்கரையில் ஒரு பாய்லர் பட்டறையில் இருபது வருஷமாக வேலை பார்த்தான். அரிசி ஆலை, சர்க்கரை ஆலைகளிலிருந்து வரும் பழைய பாய்லர்களைப் பிரித்து, ஓட்டைத் தகட்டை மாற்றி, ரிவிட் ஆணி அடித்து அனுப்பும் இடம். வெளியே நின்று சம்மட்டி போடுகிறவனுக்கு ஒரு பங்கு சத்தம் என்றால், பீப்பாய்க்குள்ளே குந்தி உட்கார்ந்து ரிவிட்டுக்கு முட்டுக் கொடுக்கிறவனுக்குப் பத்துப் பங்கு. தங்கையன் உள்ளே உட்காருகிறவன். கைக்குப் பக்குவம் இருந்ததால் அவனையேதான் எப்போதும் உள்ளே அனுப்பினார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் காதில் ஒரு ரீங்காரம் பிடித்தது. அது விடவில்லை. பிறகு குருவிச் சத்தம் போயிற்று. பால்காரன் மணி போயிற்று. அப்புறம் மனுஷர் பேச்சு ஒவ்வொன்றாக மங்கியது.

பட்டறைக்குள் யாருக்குமே எதுவும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். அதனால் அங்கே அவன் குறை தெரியவில்லை. வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டது வீராயி. கல்யாண வீடுகளில் அவன் பக்கத்தில் உட்கார மாட்டாள், எதிரே உட்காருவாள். யாராவது அவனிடம் கேள்வி கேட்டால் உதட்டை மெல்ல அசைத்து அதைத் திருப்பிச் சொல்லுவாள். அவன் தாமதமாகச் சிரித்தால், அவளும் கூடச் சேர்ந்து தாமதமாகச் சிரித்து அதை மறைப்பாள்.

பரக்கத் அலி தங்கையனை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையில் கனத்த ஹெட்போன் ஒன்றை மாட்டினார். சண்டைக் காலத்துப் பட்டாளத்துச் சாமான். அதிலிருந்து போன கம்பி மேஜை மேல் இருந்த மரப்பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டிக்குள் இரண்டு வால்வுகள் மங்கலாகச் சிவந்தன.

"சுவத்தைப் பாருங்கண்ணே. என் வாயைப் பாக்கக் கூடாது. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும்" என்று வீராயியிடம் சொல்லி, அதை அவள் வழியாக அவனுக்குச் சொல்ல வைத்தார். பிறகு மைக்கைக் கையில் எடுத்து, "தட்டு" என்றார்.

"கட்டு" என்றான் தங்கையன்.

"சேலை."

"வேலை."

பரக்கத் அலி குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். "சேலை" என்று மறுபடி சொன்னார். தங்கையன் முகம் சுளித்து ஹெட்போனைக் காதிலிருந்து பிடித்து இழுத்தான்.

"சத்தம் வருது. பேச்சு வரலை" என்றான்.

பரக்கத் அலி சிரித்துக்கொண்டே வீராயி பக்கம் திரும்பினார். "பாத்தியா தங்கச்சி, அவரே சொல்லிட்டாரு. சத்தம் வேற, சொல்லு வேற. தடிச்ச சத்தமெல்லாம் இவருக்குக் கேக்குது. சன்னமான சத்தம் உதிர்ந்துபோச்சு. சானா, தானா, பானா எல்லாம் ஒண்ணாத் தெரியுது. வர்றவங்க எல்லாம் 'பாய், நல்லா ஓங்கி வச்சுக் கொடுங்க'ன்னுதான் கேப்பாங்க. ஓங்கி வச்சா வலிதான் மிஞ்சும். மிச்சம் இருக்கற காதும் போயிடும். உள்ள ரெண்டு கண்டென்சரை மாத்தி, தடிச்ச சத்தத்தைக் குறைச்சு, சன்னமானதை மட்டும் தூக்கிவிடணும். ஒரு வாரம் கொடு."

எந்தப் பெட்டி என்பதுதான் அடுத்த கேள்வி. மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் அச்சடித்த காகிதத்தைக் காட்டினார். சீமையிலிருந்து வரும் டிரான்சிஸ்டர் கருவி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். அது அவர்கள் கைக்கு எட்டாது என்று மூன்று பேருக்குமே தெரிந்ததால், அந்தக் காகிதம் சீக்கிரமே மடிந்து உள்ளே போயிற்று. மிச்சம் இரண்டு. ஒன்று, மேஜை மேல் இருந்த மரப்பெட்டி. வீட்டுக் கரண்டில் ஓடும், ஓர் இடத்தில்தான் இருக்கும். இன்னொன்று, பேட்டரிப் பெட்டி. செங்கல் கனம் இருக்கும். தோல்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஹெட்போன் தலையில் இருக்கும். தெருவே பார்க்கும்.

"என்னைக் கேட்டா பேட்டரிப் பெட்டிதான். வீட்டுக்குள்ள மட்டும் காது இருந்தாப் போதுமா?" என்றார் பரக்கத் அலி.

தங்கையன் இரண்டையும் பார்த்தான். பிறகு வீராயியைப் பார்த்தான். என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

"மேஜைப் பெட்டியே இருக்கட்டும் பாய்" என்றாள் வீராயி. "அந்தப் பேட்டரிப் பெட்டியை மாட்டிக்கிட்டு அவர் பாலக்கரைப் பக்கம் போனா, மறுநாளே வேலையை விட்டு நிறுத்திடுவாங்க."

பரக்கத் அலி வாதாடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை பட்டறையில் ஒரு விபத்து நடந்தது.

முசிறிப் பக்கத்து ஆலை ஒன்றின் பாய்லர் பீப்பாயைச் சங்கிலிக் கப்பியில் தூக்கி, மரக்கட்டைகள் மேல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கிலியை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது தங்கையன். கீழே கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அற்புதசாமி. முப்பது வயது, மேலப்புதூர்க்காரன், பெண்டாட்டி ஆறு மாத கர்ப்பம். பீப்பாய் நடுவில் தொங்குவதால் தங்கையன் கண்ணுக்கு அற்புதசாமி படமாட்டான். அதனால் எப்போதும் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி ஓர் ஆள் நின்று கையைக் காட்டுவான். அன்றைக்கு அந்த ஆளை மேஸ்திரி பிச்சைமுத்து லாரியில் தகடு ஏற்ற அனுப்பிவிட்டார். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சம்மட்டிகள் நின்றுவிட்டன. பட்டறையே அமைதியாக இருந்தது. இதை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று தங்கையன் சங்கிலியை விட்டுக்கொண்டே இருந்தான். அற்புதசாமியின் கால் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பீப்பாய் இறங்கியது.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தங்கையன் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர் ஓரமாக உட்கார்ந்தான். சோற்றைத் தொடவில்லை. "நான் பாக்கலை புள்ள. எனக்குத் தெரியலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். காது கேளாதவர்கள் சில பேர் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னான். அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவர்கள் குடியிருந்தது மேலூர் ரோட்டில் ஒரு ஸ்டோர் வீடு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நாலு குடித்தனம். குடித்தனத்துக்குக் குடித்தனம் இருந்த சுவர் ஆள் உயரத்துக்கு மேல் போகவில்லை. அடுத்த பக்கத்தில் குடியிருந்தவள் இருசம்மாள். மேஸ்திரி பிச்சைமுத்துவின் கூடப் பிறந்த தங்கை. இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததே மேஸ்திரிதான்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். தங்கையன் தோளைத் தட்டி, கையை விரித்துக் காட்டி, வாயை நன்றாக அசைத்து, "அவன் கூப்பிடலை. உன் மேல தப்பு இல்லை" என்று சொன்னார். தங்கையன் அந்த உதடுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். முதல் தடவையாக மூச்சு விடுகிறவன் மாதிரி இருந்தது அவனைப் பார்க்க.

போகும்போது மேஸ்திரி வாசலில் வீராயியை நிறுத்தினார்.

"உம் புருஷன் காது சமாசாரம் எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? ஆரம்பத்துலேருந்தே தெரியும். மேல யாருக்கும் போகாம மூடி வச்சிருக்கேன். புதன்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வர்றாரு. 'எனக்குச் சத்தம் எதுவும் கேக்கலைங்க'ன்னு தங்கையன் சொன்னாப் போதும். அது பொய்யில்லையே? நெசந்தானே?"

"நெசந்தாங்க" என்றாள் வீராயி.

"அவ்வளவுதான். மத்ததை நாங்க எழுதிக்கறோம்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டுதான் பேசினார். கை காட்டுகிற ஆளை அனுப்பினது அவர் என்பதை அவள் பிற்பாடுதான் தெரிந்துகொண்டாள்.

சனிக்கிழமை அச்சாபீசில் அரை நாள். வீராயி அங்கே அச்சான பஞ்சாங்கத் தாள்களைப் பாரம் பாரமாக மடிக்கிறவள். கை மசியைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாலு ஆரஞ்சு வாங்கிப் போனாள். அற்புதசாமி மயக்கத்தில் கிடந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. கட்டில் பக்கத்தில் தரையில் அவன் மனைவி சவரியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆரஞ்சுகளை வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். எனக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க" என்றாள். "இவரு முழிச்சப்ப எல்லாம் ஒரே பேச்சுதான் பேசறாரு. 'அண்ணே நிறுத்துங்கன்னு மூணு தடவை கூப்பிட்டேன், மூணு தடவையும் சங்கிலி நிக்கலை'ங்கறாரு. குழாயடியில கை கழுவிக்கிட்டு இருந்தவங்களுக்கெல்லாம் கேட்டிருக்கு. ரெண்டு பேரு என்கிட்ட வந்து அழுதுட்டுப் போனாங்க. இப்ப பட்டறையில, இவரு கூப்பிடவே இல்லை, சொல்லாம கொள்ளாம அடியில போனாருன்னு எழுதறாங்களாம். இவரு தப்புன்னு ஆக்கிட்டா நாளைக்கு இவருக்கு அங்க உக்காந்து வேலை பாக்க ஒரு மூலைகூட இல்லை. பக்கத்துல இருந்தவரு உங்க வீட்டுக்காரரு. அவருக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

"எனக்குத் தெரியலைம்மா" என்றாள் வீராயி. சொன்ன பிறகு, அந்த ஆரஞ்சுகளை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தங்கையன் கொஞ்சம் தெளிந்திருந்தான். இரண்டு நாளைக்குப் பிறகு சோறு சாப்பிட்டான். "எப்படி இருக்கான்?" என்று கேட்டான். அவள் பரவாயில்லை என்று கையைக் காட்டினாள். "கூப்பிட்டிருந்தான்னா விட்டிருப்பேனா? ஒரு குரல் கொடுத்திருக்கலாம் அவன்" என்றான் தங்கையன். அவன் குரல் சுவரைத் தாண்டிப் போயிற்று. அந்தப் பக்கத்தில் இருசம்மாள் அம்மியில் அரைக்கும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது.

எப்படிச் சொல்வது? அவன் எழுத்துப் படிக்கத் தெரியாதவன். கையெழுத்து மட்டும் போடுவான். அவனிடம் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்ல வேண்டுமானால் வலது காதுப் பக்கம் வாயை வைத்துக் கத்த வேண்டும். சோறு வேணுமா, தண்ணி வேணுமா என்பதை ஜாடையில் சொல்லலாம்; எதிர்பார்த்த பேச்சு என்றால் உதட்டிலிருந்தும் பிடித்துக்கொள்வான், புதுச் சமாசாரம் என்றால் பாதி தப்பாகப் போகும். மூன்று தடவை கூப்பிட்டான், உனக்குக் கேட்கவில்லை, எல்லோரும் உன்னிடம் பொய் சொல்கிறார்கள் என்பதை எந்த ஜாடையில் சொல்வது? கத்தினால் முதலில் இருசம்மாளுக்குத்தான் கேட்கும். புருஷன் பெண்டாட்டிக்குள் ரகசியம் என்று ஒன்று பேசி ஏழு வருஷம் ஆகிவிட்டது என்பது வீராயிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப் போய்க் கத்தலாம். அதுவும் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவள் போகவில்லை. சுவர்தான் காரணம் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளே தவிர, சுவர் மட்டும் காரணம் இல்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தெரியாமலே இருந்துவிட்டால் அவன் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். வேலையும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ரேடியோ கடைக்குப் போக வேண்டாம் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கையனே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"புதன்கிழமை அந்த இன்ஸ்பெக்டர் என்ன கேப்பாரோ. மீசை வச்சிருந்தா வாயே தெரியாது. ஒண்ணு கேட்டு நான் வேறே ஒண்ணு சொல்லிவச்சா?" என்றான். "அந்தப் பெட்டியில கொஞ்சம் பழகிக்கறேன் புள்ள."

பரக்கத் அலி பெட்டியைத் திருத்தி வைத்திருந்தார். தங்கையனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, "தட்டு" என்றார்.

"தட்டு."

"சேலை."

"சேலை."

"பசி, படி, பனி."

மூன்றையும் சரியாகச் சொன்னான் தங்கையன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்க்க வீராயிக்குக் கஷ்டமாக இருந்தது.

"இப்பப் பாரு தங்கச்சி, இதுல இன்னொரு விசேஷம். நல்ல மைக்காப் போட்டிருக்கேன். மெதுவாப் பேசினாலும் எடுக்கும். காதோட காதாப் பேசற மாதிரி பேசிப் பாரு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க, நான் இந்த ரேடியோவைப் பக்கத்துத் தெருவுல கொடுத்துட்டு வந்துடறேன்" என்று அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

வீராயி மைக்கை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. சும்மா, உதட்டை மட்டும் அசைக்கிற மாதிரி, "மத்தியானத்துக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?" என்றாள்.

தங்கையன் சுவரைப் பார்த்தபடியே சிரித்தான். "உன் குரலு இப்படியா இருக்கு?" என்றான். "மறந்தே போச்சு. இன்னும் பேசு."

அவள் மைக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால், இனிமேல் சுவரைக் காரணம் சொல்ல முடியாது. சொல்லாமல் இருப்பது இனி அவள் செய்கிற காரியம் ஆகிவிடும்.

"அற்புதசாமி கூப்பிட்டாருங்க" என்றாள்.

முதுகு அசையவில்லை.

"மூணு தடவை கூப்பிட்டாரு. 'அண்ணே நிறுத்துங்க'ன்னு. குழாயடியில இருந்தவங்களுக்கெல்லாம் கேட்டிருக்கு. கூப்பிடலைன்னு எழுதறாங்க. நீங்க கேக்கலைன்னு சொல்றதை வச்சு, அவரு கூப்பிடவே இல்லைன்னு எழுதப் போறாங்க. உங்க காது விஷயம் மேஸ்திரிக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியுமாம்."

தங்கையன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். தையல் கடை மிஷின் ஓடுகிற சத்தம் வீராயிக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்காது. பிறகு ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

"எத்தனை தடவை?"

"மூணு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து நான் சோறு தின்னேனே, அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. பரக்கத் அலி திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அவர் இருவர் முகத்தையும் பார்த்தார். பெட்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு குமிழைத் தொட்டார்.

"இது வேண்டாம் பாய். அந்த இன்னொண்ணு, தோள்ல மாட்டறது, அதையும் இதே மாதிரி பண்ணித் தர முடியுமா? புதன்கிழமை எனக்கு வேணும்" என்றான் தங்கையன்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தரேன், இன்ஷா அல்லா. ஆனா போன வாரம்..."

"போன வாரம் வேற."

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் வீராயி அவனை மறித்து, முகத்துக்கு நேரே நின்று, "வேலை போயிடுங்க. பாய்லர் வேலை தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். அவன் அவள் உதட்டைப் படித்தான். "அந்த ஆளு கேக்கறது எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான் இப்ப" என்று சொல்லிவிட்டு நடந்தான். அவனுக்குத் துணிச்சல் ஒன்றும் வந்துவிடவில்லை. ஞாயிறும் திங்களும் அவன் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்கவில்லை. மேஸ்திரி வந்து போனார். அவர் உதட்டைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

புதன்கிழமை அவன் வீராயியையும் கூடக் கூட்டிக்கொண்டு போனான். தோளில் தோல்பை, அதற்குள் பெட்டி, மைக் சட்டைப் பொத்தானில் செருகியிருந்தது. தலையில் பட்டாளத்து ஹெட்போன். பாலக்கரையில் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பட்டறை வாசலில் யாரோ, "தங்கையன் பாட்டு கேட்டுக்கிட்டே வேலைக்கு வர்றான் டோய்" என்றான். அது அவனுக்கும் கேட்டது. அவன் கழுத்து சிவந்தது. ஆனாலும் கையைத் தலைக்குக் கொண்டு போகவில்லை.

ஆபீஸ் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று வீராயி பார்த்தாள். இன்ஸ்பெக்டருக்கு மீசை இல்லை. மேஸ்திரிதான் முதலில் பதறினார். "என்னய்யா இது, ரேடியோவா? கழட்டு அதை" என்றார்.

"இது எனக்குக் காது கேக்கறதுக்குங்க" என்றான் தங்கையன், இன்ஸ்பெக்டரைப் பார்த்து. எப்போதும் போல உரக்கப் பேசாமல், சாதாரணக் குரலில் பேசினான். தன் குரலும் அவனுக்கு அந்தப் பெட்டி வழியாகக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "அற்புதசாமி கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலைங்க."

எழுதிக்கொள்ளச் சொல்கிற மாதிரி மேஸ்திரி பேனாவை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினார்.

"ஆனா அவன் கூப்பிடலைன்னு நான் சொல்ல மாட்டேங்க. எனக்கு ஏழு வருஷமாக் காது போச்சு. பக்கத்துல வெடி போட்டாத்தான் தெரியும். அவன் மூணு தடவை கூப்பிட்டிருக்கான். குழாயடியில இருந்தவங்களைக் கேளுங்க."

"காது கேக்காத ஆளைச் சங்கிலியில நிறுத்தினது யாரு? கை காட்டற ஆள் எங்க?" என்று மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மேஸ்திரி மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்கினார். இன்ஸ்பெக்டர் தங்கையன் பக்கம் திரும்பினார். "உன் காது விஷயம் மேஸ்திரிக்குத் தெரியுமா?"

தங்கையன் மேஸ்திரியைப் பார்த்தான். இருபது வருஷப் பழக்கம். அவனுக்கு முதன்முதலில் சம்மட்டி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். வீடு பார்த்துக் கொடுத்தவர். வீராயி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றான். "எனக்கும் தெரியும். நானும் மறைச்சேன். என் பெண்டாட்டியும் மறைச்சா."

அதற்குப் பிறகு குழாயடியில் இருந்த இரண்டு பேர் தாங்களாகவே வந்து சொன்னார்கள். மேஸ்திரி லாரிக்கு அனுப்பின ஆளும் சொன்னான். அற்புதசாமி மேல் தப்பில்லை என்று எழுதப்பட்டது. குணமாகி வந்ததும் அவனுக்குச் சாமான் அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. மேஸ்திரியைப் பட்டறையிலிருந்து எடுத்து வெளி வேலைக்குப் போட்டார்கள். தங்கையனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

இருசம்மாள் வீராயியிடம் பேசுவதை நிறுத்தினாள். கிணற்றடியில் இவள் வந்தால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஐப்பசியில் அவர்கள் வேறு வீடு பார்த்துப் போனார்கள். தங்கையனுக்கு மூன்று மாதம் வேலை கிடைக்கவில்லை. பெட்டியை மாட்டிக்கொண்டு போனால், செவிடன் வேண்டாம் என்றார்கள். மாட்டாமல் போனால் பேசினதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தான். கடைசியில் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி ஒன்றில் தார் இறக்குகிற வேலை கிடைத்தது. தகடு பிடித்த கையில் வாழைக் கறை ஏறியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மாட்டிக்கொள்ளுவான். வீராயி அச்சாபீஸ் சமாசாரம் ஏதாவது சொல்லுவாள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று கொஞ்ச நேரம்தான் பேசுவார்கள். பேசினது போதும் என்று அவன் நினைத்துவிட்டால், சொல்லாமலே குமிழைத் திருகி நிறுத்திவிடுவான். அதுவும் நடந்தது.

கார்த்திகையில் சவரியம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்கள் இரண்டு பேரும் மேலப்புதூருக்குப் போனார்கள். போகலாம் என்று சொன்னது தங்கையன்.

அற்புதசாமி வாசலுக்குள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. சவரியம்மாள், "வாங்கக்கா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தங்கையன் நின்றுகொண்டே இருந்தான். "தம்பி" என்று ஆரம்பித்தான்.

"அதைக் கழட்டச் சொல்லுங்கக்கா" என்றான் அற்புதசாமி, வீராயியைப் பார்த்து.

அது தங்கையனுக்கே கேட்டது. ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அற்புதசாமி பேசினான். முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, வாய் தெரியாதபடி பேசினான். குரலை உயர்த்தவில்லை. பீப்பாய் இறங்கினபோது எப்படி இருந்தது என்று சொன்னான். இல்லாத காலில் இன்னும் அரிக்கிறது என்றான். காது போனதைப் பட்டறையில் ஒருத்தனிடமாவது சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று கேட்டான். விசாரணையில் உண்மையைச் சொன்னீங்க, அதுக்காக நான் உங்களைக் கும்பிடணுமா என்றான். உங்களை எனக்குப் பிடிக்கும் அண்ணே, அதனால்தான் இது பொறுக்கவில்லை என்றான். இனிமேல் இங்கே வராதீங்க என்றான். வெகு நேரம் பேசினான். எதிரில் தங்கையன் கையில் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், தலையைக் குனிந்து நின்றான். எல்லாவற்றையும் கேட்டது வீராயி.

அற்புதசாமி என்ன சொன்னான் என்று திரும்பி வரும் வழியில் தங்கையன் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கையைக் காலைக் கழுவிவிட்டுப் பாயை விரித்து உட்கார்ந்தான். பெட்டியின் குமிழைத் திருகிவிட்டு மைக்கை அவள் பக்கம் நீட்டினான்.

"ஒண்ணும் விடாம சொல்லு" என்றான்.

அவள் எதையாவது குறைத்துச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எதை விடலாம், எதை மாற்றலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள். ஆனால் மைக் கைக்கு வந்ததும், அற்புதசாமி சொன்ன வரிசையிலேயே, அவன் சொன்ன வார்த்தையிலேயே, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். "இனிமேல் இங்க வராதீங்க" என்பதையும் சொன்னாள். "உங்களை எனக்குப் பிடிக்கும் அண்ணே" என்பதையும் சொன்னாள்.

தங்கையன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"நியாயந்தான்" என்றான் பிறகு.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.